வெட்சியும் கரந்தையும் ஆடிய இரவு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியம் பேசுவது வழக்கம். இசை பேசுவதும் உண்டு. எங்களுக்குச் செயற்குழுவினர் தந்துள்ள பொருளோ ஒரு விளையாட்டு. சென்ற மார்கழி விடுமுறையில், நம் இரயில்வே குடியிருப்பைச் சேர்ந்த 62 பேர் அட்டப்பாடி மலைநாட்டில் உள்ள அகளிக்குச் சென்று, ஓர் இரவு முழுவதும் கண்விழித்துப் போர் விளையாட்டு ஒன்றை ஆடித் திரும்பினோம். திரும்பிய நாள் முதல் இன்று வரை குடியிருப்பில் அதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. "வயது வந்த பெண்களையும் பையன்களையும் மலைப்பக்கம் இரவில் ஓடவிடுவது முறையா?" என்று கேட்போர் ஒரு சாரார். "அடுத்த ஆட்டம் எப்போது?" என்று கேட்போர் மற்றொரு சாரார். அன்றிரவு பதிவேடு எழுதும் பணி எங்களுக்கு வாய்த்தமையால், இரு சாராருக்கும் விடை கூறும் கடமையும் எங்களையே சேர்ந்தது. நடந்ததை நடந்தபடி கூறுவோம். தீர்ப்பை அவையோர் வழங்கலாம்.

இவ்வெண்ணம் முதலில் எழுந்தது கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளிடத்தில். பெயிண்ட்பால் என்னும் வண்ணக்குண்டு விளையாட்டை அவர்கள் படங்களில் கண்டிருந்தனர். மெல்லிய ஜெலட்டின் உறையினுள் வண்ணக் குழம்பை அடைத்த குண்டு. அளவிலே பெரிய கோலிக்குண்டு போன்றது. அழுத்திய காற்றின் விசையால் அதனைச் செலுத்துகின்ற கருவி ஒன்று. இரு கட்சியினர் புதர்களிலும் மரங்களிலும் மறைந்து ஒருவரையொருவர் குறிவைப்பர். குண்டு உடைந்து ஒருவர் மேல் வண்ணம் படிந்தால், அவர் இறந்தவராகக் கருதப்படுவார். கையை உயர்த்தியவாறு களத்தை விட்டு அகல வேண்டும். குண்டின் வேகம் நொடிக்கு 300 அடியை மீறலாகாது என்பது பெரும்பாலான திடல்களின் விதி. அவ்வேகத்திற் கண்ணிற் பட்டால் பார்வையே போய்விடும். ஆதலின் முகக்கவசம் அணியாதார்க்குக் களத்தில் இடமில்லை.

இதன் தோற்றம் கேட்பதற்குச் சுவையானது. அமெரிக்க நாட்டில் வனத்துறையினர் வெட்ட வேண்டிய மரங்களையும், பண்ணையாளர் மந்தையிலிருந்து பிரிக்க வேண்டிய மாடுகளையும் தொலைவிலிருந்தே அடையாளமிடுவதற்கென நெல்சன் என்னும் வண்ண நிறுவனம் ஒரு கைத்துப்பாக்கியை விற்று வந்தது. நண்பர்கள் சிலரிடையே ஒரு வழக்கு எழுந்தது: நகரத்தில் வாழ்பவன் காட்டிற் பிழைப்பானா, நாட்டுப்புறத்தான் பிழைப்பானா என்பதே அது. வாய்ப்பேச்சாற் தீராத அவ்வழக்கைத் தீர்க்க, 1981 ஜூன் 27ஆம் நாள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹென்னிக்கர் என்னும் ஊர்க் காட்டில், அம்மாட்டுத் துப்பாக்கியை ஏந்திப் பன்னிருவர் இறங்கினர். காட்டிற் பல இடங்களில் நட்டிருந்த கொடிகளைச் சேகரித்து முதலில் வெளியேறுபவரே வென்றவர். வென்றவர் ரிச்சி ஒயிட் என்னும் வனப்பணியாளர். அவர் அன்று ஒரு குண்டு கூடச் சுடவில்லை. எவர் கண்ணிலும் படாமல் நடந்தே வென்றார்.

பின்னர் இவ்விளையாட்டு பலவாறு வளர்ந்தது. அவற்றுள் ஒரு வகை, கதையமைத்து ஆடுவது. நூற்றுக்கணக்கானோர், சில இடங்களில் ஆயிரக்கணக்கானோர் இரு படைகளாகப் பிரிந்து, தளபதி, ஒற்றர், மருத்துவர் என்று வேடமேற்று, இரவு பகலாக 24 மணி நேரம் ஆடுவதுண்டு. 1944 ஜூன் 6ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய வரலாற்றை ஓக்லஹோமா மாநிலத்திலும் பென்சில்வேனியா மாநிலத்திலும் ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு ஆடியுள்ளனர். இரவு முழுவதும் ஆடும் இத்தகைய ஆட்டத்தையே நம் பிள்ளைகள் விரும்பினர்.

பெற்றோர் தயங்கியதற்கு முதற் காரணம் பணம். கருவிக்கு வாடகை, குண்டுக்கு விலை, கவசத்துக்குக் கட்டணம் எனக் கூட்டிப் பார்த்தால், நம் போன்றோர் சம்பளப் பட்டியல் அதனைத் தாங்காது. இரண்டாவது காரணம் இடம். ஆட்டத்துக்கு நிலம் தர முன்வந்தவர் நம் குடியிருப்பில் வாழ்ந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர். அகளியில் அவருக்குப் பாக்கும் தென்னையும் தரிசும் சேர்ந்து 12 ஏக்கர் நிலம் உண்டு. நிலம் பெரிது, மனமும் பெரிது. ஆயினும் அகளி என்றவுடன் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை சில உள்ளன.

அட்டப்பாடி ஏறக்குறைய 745 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைநாடு. கேரளத்தின் ஆறுகள் மேற்கே கடலை நோக்கி ஓட, கிழக்கே பாயும் மூன்றே ஆறுகளுள் ஒன்றாகிய பவானி இவ்வழியாகத் தமிழகம் நோக்கிச் செல்கிறது; சிறுவாணி அதனோடு கலக்கிறது. இருளர், முதுகர், குறும்பர் என்னும் பழங்குடி மக்களின் நாடு அது. கோவைப் பக்கத்திலிருந்து சென்று குடியேறிய தமிழரும், மேற்கேயிருந்து வந்த மலையாளிகளும் அங்கே வாழ்கின்றனர். கடைவீதியில் ஒரே வரிசையில் மூன்று பேச்சும் கேட்கும். காடும் தோட்டமும் அடுத்தடுத்து இருப்பதால் இரவில் யானை இறங்குவது அங்கே வழக்கம். அன்றியும், 2019 அக்டோபர் 28, 29 ஆகிய நாட்களில் அட்டப்பாடியின் மஞ்சிக்கண்டி வனத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மாவோயிஸ்டுகள் நால்வர் உயிரிழந்தனர். உண்மைத் துப்பாக்கி ஒலித்த மலையில், துப்பாக்கி போன்ற ஒன்றை ஏந்தி இருட்டில் ஒளிந்து திரிவது விளையாட்டாகாது. அங்கு வாழும் மக்கள் அஞ்சுவர். அவர்கள் அச்சத்தில் நமக்கு இன்பம் வேண்டா. ஆகவே துப்பாக்கி வடிவில் எதுவும் கூடாது, வனத்தில் ஓரடியும் வைக்கலாகாது, வேலியிட்ட நிலத்துக்குள்ளேயே ஆட வேண்டும் என்று முதற்கண் முடிவு செய்தோம். காவல் நிலையத்துக்கும் வனத்துறை அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் ஒப்புதல் பெற்ற பின்னரே வண்டி பேசினோம்.

துப்பாக்கி இல்லையெனில் ஆட்டம் ஏது என்று பிள்ளைகள் சோர்ந்தனர். அச்சோர்வு நீங்கியது நம் பழந்தமிழ் நூலறிவினால் என்று கூறுவதில் எங்களுக்குப் பெருமை உண்டு. தொல்காப்பியர் புறத்திணைகளுள் முதலாவதாக வைப்பது வெட்சி. பகைவரின் ஆநிரையைக் கவர்வது அத்திணையின் பொருள். கவர்ந்த நிரையை மீட்பதைக் கரந்தை எனத் தனித் திணையாகப் புறப்பொருள் வெண்பாமாலை கூறும். வெட்சிக்கு இணையாகச் சொல்லப்படும் அகத்திணை குறிஞ்சி. குறிஞ்சிக்குரிய நிலம் மலை, பொழுது நள்ளிரவாகிய யாமம், காலங்களுள் ஒன்று முன்பனி. மலையும் மார்கழிப் பனியும் நடுயாமமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற நாம், அயல்நாட்டுக் கடற்கரைப் போரை எதற்காக இரவல் வாங்க வேண்டும்? இப்போர் வெறும் நூற்செய்தியும் அன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டெடுத்த நடுகற்களுள் ஒன்று, ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனுக்கு எடுத்தது. ஆகோள் என்ற சொல்லே அதில் தமிழ் பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஆடும் முறைக்குச் சாரணர் இயக்கம் உதவிற்று. 1907ஆம் ஆண்டு பிரௌன்சித் தீவில் பேடன் பவல் பிரபு நடத்திய முதல் முகாம் தொடங்கி, பரந்த வெளியில் மறைந்தும் தேடியும் ஆடுவது சாரணர் பயிற்சியில் ஒரு பகுதியாக இருந்து வருகிறது. நம் இரயில்வேயிலும் சாரணர் அமைப்பு இருத்தலால், அதிற் பழகியோர் அறுவர் நடுவர்களாக வந்தனர். ஆடியோர் 44 பேர். வெட்சிப் பக்கம் 22, கரந்தைப் பக்கம் 22. பதினான்கு வயதுக்குக் குறைந்தவர் எவரும் இல்லை. தாய்மார் ஒன்பதின்மர் சமையற் பொறுப்பை ஏற்றனர். இவர்களோடு செவிலியர் ஒருவரும், இராணுவத்திற் பணியாற்றி 1971ஆம் ஆண்டுப் போரைக் கண்ட பெரியவர் ஒருவரும், பதிவேட்டுடன் நாங்களும் ஆக மொத்தம் 62 பேர்.

இனி விதிகளைக் கேளுங்கள். ஆநிரைக்குப் பதிலாக 20 மாட்டு மணிகள். அவற்றை அகளியில் மாடு வளர்ப்போரிடமே இரவல் பெற்றோம். நிலத்தின் கீழ்க்கோடியில் உள்ள பாக்குக் களத்தில் மணிகள் கட்டப்பட்டிருக்கும், கரந்தையார் காப்பர். மேற்கோடியில் உள்ள புளியமரத்தடி வெட்சியாரின் மன்று. காலை 5 மணிக்குள் 11 மணிகளை மன்று சேர்த்தால் வெட்சியாருக்கு வெற்றி, இல்லையேல் கரந்தையாருக்கு. ஒருவர் ஒரு நடைக்கு ஒரு மணியே கொண்டு செல்லலாம். ஆயுதம், அரிசி மாவோடு மஞ்சள் கலந்து மெல்லிய தாளில் மடித்த பொட்டலம். தோளுக்கு மேல் எறியலாகாது. பட்டறைத் தொழிலாளர் அணியும் கண்காப்புக் கண்ணாடியை அனைவரும் அணிய வேண்டும். தொடக்கத்தில் வெட்சியார் நம் குடியிருப்புத் தோட்டங்களில் பூக்கும் வெட்சியையும், அதாவது நாம் இட்லிப்பூ என்று அழைப்பதையும், கரந்தையார் அறுவடை கழிந்த வயலிற் பறித்த கொட்டைக்கரந்தையையும் சூடிக்கொண்டனர். இருட்டில் எந்த நிறமும் கறுப்பே ஆகையால், வெட்சியார் இடக்கையிலும் கரந்தையார் வலக்கையிலும் வெள்ளைத் துணி கட்டினர்.

பொட்டலம் பட்டவர் நிலத்தின் நடுவே நாங்கள் நட்ட கல்லிடம் வந்து சேர வேண்டும். அதன் அருகே ஓர் அரிக்கேன் விளக்கு, ஒரு மேசை, ஒரு பதிவேடு. வந்தவர் பெயரும் நேரமும் பதிவாகும். அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்து, பின் உயிர்பெற்றுச் செல்லலாம். கையில் மணி இருந்திருந்தால் அது களத்துக்குத் திரும்பும். எறிந்தவரும், தம் எறி பட்டது என்று கருதினால், பாசறைக்குத் திரும்பியதும் நேரமும் இடமும் குறித்த ஒரு சீட்டை உண்டியலில் இட வேண்டும். பார்சல் அலுவலகத்தில் அனுப்பிய சீட்டையும் வந்த பொருளையும் ஒப்பிடுவது எங்களுக்குப் பழகிய தொழில். அதையே அங்கும் கொண்டு சென்றோம்.

மாலையில் நிலத்தைச் சுற்றிக் காட்டியவர் அத்தோட்டத்தின் காவற்காரர். இருளர் குலத்துப் பெரியவர். எங்கள் பையன்கள் மணியின் நாவைக் கையாற் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியதைச் சிறிது நேரம் பார்த்திருந்தார். பின்னர் ஒரு கைப்பிடி வைக்கோலை எடுத்து மணிக்குள் திணித்து, அதனை வீசி ஆட்டிக் காட்டினார். ஓசையே இல்லை. "ஓடாதீங்க கண்ணுகளா, நடங்க. ஓடற காலுக்குக் குழி தெரியாது" என்றார். அன்றிரவு அவர் சொல்லைக் கேட்டவர் எவர், கேளாதவர் எவர் என்பதைச் செவிலியர் கட்டிய கட்டுகளே காட்டின. நல்வேளையாக, முழங்காற் சிராய்ப்பு ஐந்துக்கு மேல் வேறு காயம் இல்லை.

இரவு 8 மணிக்கு ஊதல் ஒலித்தது. வளர்பிறை எட்டாம் நாளாதலின் நள்ளிரவு வரை நிலவு இருந்தது. அதுவரை கரந்தையாரின் காவலே மேலோங்கியிருந்தது. வெட்சியார் முன்னே வந்து விழுவதும், கல்லடியில் அமர்ந்து சுக்குக் காப்பி அருந்துவதுமாக இருந்தனர். மன்று சேர்ந்தவை மூன்றே மணிகள். நிலவு மறைந்ததும் ஆட்டம் மாறிற்று. ஐந்தடிக்கு அப்பால் இருப்பது மரமா மனிதரா என்று தெரியாத இருட்டு. கூச்சலிட்டு ஓடிய பிள்ளைகள், தாமாகவே அடங்கிப்போயினர். காற்று எப்பக்கம் வீசுகிறது, காய்ந்த பாக்குமட்டை எங்கே கிடக்கிறது, பக்கத்திலிருப்பவர் மூச்சு எப்படி வருகிறது என்று கவனிக்கத் தொடங்கினர். மின்விளக்கின் கீழேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு இருட்டு இவ்வளவு கற்பிக்கும் என்று நாங்கள் எதிர்பார்த்ததில்லை.

ஒரு மணி இருபது நிமிடத்துக்குக் காவற்காரப் பெரியவர் எங்களிடம் வந்து, வேலிக்கு அப்பால் மூங்கில் முறியும் ஓசை கேட்பதாகக் கூறினார். எங்கள் செவிக்கு எதுவும் எட்டவில்லை. அவர் சொன்னதே போதுமென்று நடுவர் மூன்று முறை நீள ஊதினார். மூன்று ஊதல் என்றால் ஆட்டம் இல்லை, உண்மை என்று பொருள். எங்கே ஒளிந்திருந்தாலும் எழுந்து வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட வேண்டும். ஒருவர் பெயரை ஒருவர் அழைத்துக்கொண்டு, பகையும் நட்பும் கலந்து வந்து சேர்ந்தனர். வண்டி புறப்படுமுன் கார்டு எண்ணிப் பார்ப்பது போலத் தலைகளை எண்ணினோம். 62 பேரும் இருந்தனர். ஏழு நிமிடம் ஆயிற்று. சற்று நேரத்தில் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பிளிறல் எழுந்தது. ஐம்பது நிமிடம் அனைவரும் திண்ணையிலும் கூடத்திலும் ஒடுங்கி அமர்ந்திருந்தோம். யானை அவ்வழியே விலகிச் சென்றுவிட்டது என்று பெரியவர் உறுதி சொன்ன பின்பே மீண்டும் ஊதினோம். மூன்று மணி நேரம் ஒரே புதரிற் படுத்திருந்து களத்தை நெருங்கிய வெட்சிப் பெண் ஒருத்தி, அவ்வூதலுக்கு எழுந்து வந்ததால் தன் இடத்தை இழந்தாள். அதற்காக அவள் ஒரு சொல்லும் முணுமுணுக்கவில்லை. விளையாட்டை விட்டெழ வேண்டிய நேரத்தில் எழத் தெரிந்தவர்களே இரவில் விளையாடத் தக்கவர் என்று அப்போது தெளிந்தோம்.

பின்னிரவில் வெட்சியார் வைக்கோல் திணித்த மணிகளை ஒவ்வொன்றாகக் கொண்டு சேர்த்தனர். நான்கு மணிக்கு மன்றில் பத்து மணிகள் இருந்தன. நான்கு பத்துக்கு, பன்னிரண்டாம் வகுப்பிற் படிக்கும் பையன் ஒருவன் கல்லிடம் வந்து நின்றான். அவன் கையில் ஒரு மணி. அதுவே பதினோராவது. முதுகைத் திருப்பிக் காட்டினான். சட்டையில் மஞ்சள் மாவு, அதுவும் ஒரு விரற்கடை அளவே. யார் எறிந்தது என்று கேட்டோம். தெரியாது என்றான். மன்றுக்கு இன்னும் எத்தனை தூரம் இருந்தது என்று கேட்டோம். இருபதடி என்றான். பெயரையும் நேரத்தையும் எழுதினோம். அவன் மணியைக் கீழே வைத்துவிட்டு அரைமணி நேரம் அமர்ந்தான். அதற்குள் கரந்தையார் காவலை இறுக்கிவிட்டனர். ஐந்து மணிக்கு ஊதல் ஒலித்தபோது மன்றில் இருந்தவை பத்தே. கரந்தையார் வென்றனர்.

உப்புமா பரிமாறும்போது வெட்சிப் பக்கத்தார் சிலர் அவனைச் சூழ்ந்துகொண்டு கடிந்தனர். "யாருமே பார்க்கலையேடா, இருபதடிதானே! போய் மணியை வச்சுட்டு வந்திருக்கலாமே" என்றனர். அவன் தட்டிலிருந்து தலை நிமிராமல், "பட்டது எனக்குத் தெரியுமே" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. உண்டியலைத் திறந்து சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். அவனை எறிந்ததாக ஒரு சீட்டும் இல்லை. எறிந்தவருக்கே தம் எறி பட்டது தெரியவில்லை.

அவையோர்களே, இப்போது பதிவேட்டின் கணக்கைக் கூறுகிறோம். அன்றிரவு கல்லிடம் வந்து பதிவானவர்கள் 131. உண்டியலில் விழுந்த சீட்டுகள் 103. அவற்றுள் வந்தவரோடு பொருந்தியவை 97. பொருந்தாத சீட்டுகள் ஆறு; அவை குறி தவறிய எறிகளாகவும் இருக்கலாம், பட்டும் வராதவர்களாகவும் இருக்கலாம். அதைக் குடைந்து நாங்கள் ஆராயவில்லை. ஆனால் எவரும் சீட்டிடாமல், எவரும் காணாமல், தாமாகவே வந்து "நான் விழுந்தேன்" என்று சொன்னவர்கள் 34 பேர். பகலில் நடுவர் முன்னிலையில் ஆடும் ஆட்டத்தில் இந்த 34 என்னும் எண் கிடைக்காது. நடுவர் ஊதுவார், ஆடுபவர் வெளியேறுவார், அவ்வளவே. இருட்டில் நடுவர் இல்லை. தன் சட்டையில் உள்ள மாவைத் தட்டிவிட்டு நடந்தால் கேட்பார் இல்லை. வண்ணக்குண்டு ஆடும் அயல்நாட்டாரும், பட்ட வண்ணத்தைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்து ஆடுவதையே அவ்விளையாட்டின் மிகப் பெரும் இழிவாகக் கருதுகின்றனர். துப்பாக்கியும் குண்டும் நம்மிடம் இல்லாவிடினும், அவ்விளையாட்டின் உயிர்நிலை எதுவோ அது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்துவிட்டது.

போரை விளையாட்டாக்குவது தகுமா என்ற வினாவையும் சிலர் எழுப்பினர். இதற்கு விடை கூற எங்களினும் தக்கவர் எங்களுடன் வந்த படைவீரப் பெரியவர். ஆட்டத்தில் கலக்க அவர் இசையவில்லை. இரவெல்லாம் கல்லடியில் எங்கள் அருகே அமர்ந்திருந்தார். விழுந்தவர் வந்து காப்பி அருந்துவதைப் பார்த்துக்கொண்டே, "நாங்கள் போன இடத்தில் விழுந்தவன் அரைமணியில் எழுந்து வரவில்லை, தம்பி" என்றார். பின்பு நெடுநேரம் பேசாதிருந்தார். விடியும்போது, "இவர்கள் எழுந்து போவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது" என்றும் சொன்னார். இரண்டு சொல்லையும் சேர்த்தே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். நம் முன்னோரும் இதனை உணர்ந்தே இருந்தனர் போலும். கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையின் படுகளத்தில், வீரராக வேடமேற்றோர் களத்தில் விழுந்து கிடப்பதும், தங்கையின் பெயரால் நீர் தெளிக்க உயிர்பெற்று எழுவதும் இன்றும் நடைபெறுகின்றன. வீழ்ந்தவன் எழ வேண்டும் என்ற ஆசையையே ஊரார் ஆண்டுதோறும் ஆடிப் பார்க்கின்றனர். போரைப் போற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய தாய்மார்களுக்கு ஒரு சொல். கரந்தையாருக்குத் தலைமை தாங்கியவள் நம் குடியிருப்புக் கார்டு ஒருவரின் மகள். காவலை மூன்று அடுக்காகப் பிரித்து, நிலவு மறையுமுன் ஓர் அடுக்கினரை உறங்கச் செய்து, பின்னிரவுக்குப் புத்துணர்வோடு நிறுத்தியவள் அவளே. தந்தை இரவுப் பணிக்குச் செல்வதைப் பிறந்தது முதற் கண்டவள். உறக்கத்தைக் கணக்கிடும் திறன் அவளுக்கு வீட்டிலேயே வாய்த்திருந்தது. மேலும், ஒன்பது தாய்மார்கள் விழித்திருந்த இடத்தில் எங்கள் பிள்ளைகளுக்குக் குறையொன்றும் நேரவில்லை. அடுத்த முறை பதினெண்மர் வந்தால் இன்னும் நன்று; அடுப்பும் ஒன்றுக்கு இரண்டாக எரியும்.

செலவு எவ்வளவு என்று கேட்போர் உளர். வண்டிச் சத்தம், உணவுப் பொருள், மாவு, தாள், கண்ணாடி, காவற்காரப் பெரியவருக்கு இரவுக் கூலி எனக் கூட்டித் தலைக்கு வகுத்த கணக்கு, ரசீதுகளுடன் பொருளாளரிடம் உள்ளது. விரும்புவோர் பார்க்கலாம். மணிகள் இருபதும் துடைத்து உரியவர்களிடம் சேர்க்கப்பட்டன. மறுநாட் காலை நிலம் முழுவதும் நடந்து தாள்களைப் பொறுக்கினோம். நட்ட கல்லையும் பெயர்த்து, இருந்த இடத்திலேயே வைத்தோம். அம்மலை நம்முடையதன்று; விருந்தினராகச் சென்ற நாம் சுவடின்றித் திரும்புவதே முறை.

இறுதியாக, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, ஆண்டுக்கொரு முறை மார்கழி விடுமுறையில் இவ்விரவு விளையாட்டைச் சங்கத்தின் பெயரால் நடத்த வேண்டும். இரண்டாவது, துப்பாக்கி வடிவம் கூடாது, வனத்தில் நுழையலாகாது, உள்ளூர்க் காவற்காரர் ஒருவர் சொல்லே இறுதிச் சொல், மூன்று ஊதலுக்கு எழாதவர்க்கு மறுமுறை இடமில்லை என்னும் நான்கு விதிகளை எழுதி வைத்து மாறாமற் காக்க வேண்டும். மூன்றாவது, அன்றைய பதிவேட்டைச் சங்க நூலகத்தில் வைக்க ஒப்புதல் தர வேண்டும். 131 பெயர்களுள் 34க்கு எதிரே சீட்டு எண் எழுதும் கட்டம் வெறுமையாக இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் வெற்றுக் கட்டத்தைக் கண்டால் அஞ்சியே பழகியவர்கள் நாங்கள். தணிக்கையாளர் முதலிற் கேட்பது அதைத்தான். அந்த 34 கட்டங்களை மட்டும் நிரப்பாமல் அப்படியே விட்டிருக்கிறோம்.